வராத பணம் வரவாகுமா?

பல்கலைக்கழகங்களும் கம்பெனிகளும் கைகோத்து ஆராய்ச்சி செய்ய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை. 2023 முதல் 2028 வரை 50,000 கோடி ரூபாய் என்றார்கள். கைதட்டுமுன் கணக்கைப் பாருங்கள். அரசு தருவது 14,000 கோடி. மீதி 36,000 கோடி தொழில் நிறுவனங்கள், பொதுத்துறை, கொடையாளர்கள் போன்றோரிடமிருந்து வரவேண்டியது.

பேரேடு எழுதியே தலை நரைத்த குமாஸ்தா நான். வராத பணத்தை வரவில் எழுதினால் தணிக்கைக்காரர் சும்மா விடுவாரா?

2020-21 கணக்குப்படி நாட்டின் ஆராய்ச்சிச் செலவே மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காடு, அதில் தனியார் பங்கு சுமார் 36 விழுக்காடுதான். இப்படிக் கை இறுகியவர்களை நம்பித்தான் அந்தக் கணக்கு. போதாக்குறைக்கு 2025-இல், தனியார் ஆராய்ச்சிக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியில்லாமலோ கடன் தர ஒரு லட்சம் கோடித் திட்டம். கொடுக்க வேண்டியவருக்கே கடன்!

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அங்கத்திய வழக்கத்தைச் சொல்கிறேன். 1981 முதல் 'சிஃப்ர்' என்றொரு ஏற்பாடு. முனைவர் பட்ட மாணவரைக் கம்பெனி மூன்றாண்டுக்குச் சம்பளத்துக்கு அமர்த்தும். பல்கலைக்கழக ஆய்வகம் வழிகாட்டும். அப்படி அமர்த்தும் கம்பெனிக்கே அரசு மானியம்.

பிரான்சு பணக்கார நாடு என்பீர்கள். இதில் பணம் பெரிதல்ல, வரிசைதான் பெரிது. அரசு பாதி, கம்பெனி பாதி என்று பிரதமர் பெயரில் ஆய்வு உதவித்தொகை நம் நாட்டிலும் வந்ததே, அதை ஊர்தோறும் வளர்த்திருக்கலாம்.

உதவித்தொகைக்கு மாதக்கணக்கில் காத்திருந்து கடன் வாங்கிச் சாப்பிடும் ஆய்வு மாணவனுக்குக் கோடிக்கணக்கு எதற்கு? கம்பெனி தன் பங்கைக் கட்டட்டும். ரசீதைப் பார்த்து அரசு கட்டட்டும். ஒன்றாம் தேதி அவன் கையில் பணம் இருக்கட்டும். பிறகு அறிவிப்பு விழா வைத்துக்கொள்ளலாம்.