ஏலக்காய்க்குத் தாள் உண்டு, உழைப்புக்கு?

போடி சந்தையில் நம் வியாபாரிகளிடம் ஒரு மூட்டை ஏலக்காயைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்தத் தோட்டத்துக் காய், எட்டு மில்லிமீட்டரா ஏழா, எந்த ஏலத்தில் எடுத்தது, யார் பெயரில் பில் போட்டது, எந்த வங்கியில் பணம் ஏறியது என்று ஒன்று விடாமல் சொல்வார்கள். அந்தக் காய் கடல் கடந்து சவூதிக்கும் துபாய்க்கும் போனால் தாள்கள் இன்னும் கூடும். ஏற்றுமதிப் பணம் வங்கி வழியாக வந்து சேரும்வரை அந்தக் கணக்கு முடியாது என்பது வியாபாரிக்குத் தெரியும்.

அதே வீட்டிலிருந்து மகனும் அதே சவூதிக்குத்தான் போகிறான். பத்து வருடம் உழைத்து அனுப்பிய பணத்துக்கு என்ன தாள் இருக்கிறது என்று அந்த வீட்டில் கேளுங்கள். அத்தா தம்பியைப் பார்ப்பார், தம்பி மச்சானைப் பார்ப்பான். பதில் வராது!

போடி, பொட்டிபுரம், கம்பம், உத்தமபாளையம், பெரியகுளம் என்று இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க நம் சமுதாய இளைஞர்கள் அரபு நாட்டுப் பயணத்துக்குத் தயாராகும் விதம் நமக்குத் தெரிந்ததே. (பொட்டிபுரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோ திட்டம்தான் நினைவுக்கு வரும். அங்கும் மனிதர்கள் வாழ்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளும் பிழைப்புக்கு வெளியே போகிறார்கள்.) விசாவுக்குக் கடன் வாங்கத் தெரிகிறது. ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டத் தெரிகிறது. போகிற இடத்தில் சம்பளம் எந்தக் கணக்கில் ஏறும், ஊரில் எந்தக் கணக்கில் இறங்கும் என்ற கேள்வி மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. கேட்டால், "அதான் உண்டியல் இருக்கே" என்கிறார்கள்.

உண்டியல்காரர் மேல் நமக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. அவரும் நம் ஊர்க்காரர்தான், பெரும்பாலும் வாக்குத் தவறாதவர்தான். துபாய் தெய்ராவில் திர்ஹமைக் கொடுத்தால் மறுநாள் இங்கே வீட்டு வாசலில் கட்டு வந்து விடுகிறது. ஒரு காலத்தில் அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. அன்று ரூபாயின் மதிப்பை அரசு கட்டி வைத்திருந்தது. வெளிச் சந்தையில் கிடைத்த விலைக்கும் வங்கி கொடுத்த விலைக்கும் பெரிய இடைவெளி இருந்தது. டிராப்ட் அனுப்பினால் அது ஊர் வந்து பணமாவதற்குள் வீட்டில் ஒரு கல்யாணமே முடிந்துவிடும். ஆனால் 1993 மார்ச்சில் ரூபாயின் மதிப்பு சந்தையின் போக்குக்கு விடப்பட்டது. அதன் பிறகு அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. இன்று வங்கி வழியாக அனுப்பிய பணம் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வந்து சேர்கிறது. அனுப்பும் கட்டணம் ஒரு வேளை பிரியாணி விலைதான். காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் நிற்கிறது.

அந்தப் பழக்கத்தின் விலை என்ன?

1973ஆம் ஆண்டின் பெரா சட்டம் போய், 1999இல் இயற்றப்பட்ட பெமா சட்டம் 2000 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. "இப்போது உண்டியலுக்கு ஜெயில் இல்லை" என்று சிலர் தைரியம் சொல்கிறார்கள். அதே சட்டம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது என்பதை அவர்கள் சொல்வதில்லை. உண்டியல்காரர் ஒருவர் மாட்டினால் அவருடைய நோட்டும் போனும் மாட்டும். அதில் உள்ள பெயர்கள் நம் தாய்மார்களின் பெயர்கள். முஸ்லிம் வீட்டில் கணக்கில்லாத கட்டு ஒன்று பிடிபட்டால் மறுநாள் செய்தித்தாள் அதை எப்படி எழுதும் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மகன் வெயிலில் நின்று கம்பி கட்டிச் சம்பாதித்த காசு அது என்று நிரூபிக்க ஒரு துண்டுச் சீட்டுகூட நம்மிடம் இருக்காது.

2016 நவம்பர் 8 இரவு என்ன நடந்தது? 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கணக்கில் இருந்த பணம் தப்பியது. பீரோவில் இருந்த பணம் வரிசையில் நின்றது. வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கு 2017 ஜூன் 30 வரை அவகாசம் என்றார்கள். ஆனால் ரிசர்வ் வங்கியின் குறிப்பிட்ட சில அலுவலகங்களில்தான், அதுவும் ஆளுக்கு 25,000 ரூபாய் வரைதான், விமான நிலையத்தில் சுங்க முத்திரை வாங்கி வந்தால்தான் என்றார்கள். அரசின் அந்த முடிவை நாம் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஆனாலும் அடி யாருக்கு அதிகம் விழுந்தது என்பதைப் பார்க்கத்தானே வேண்டும்?

இதைவிடப் பழைய பாடம் ஒன்று உண்டு. 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்கள் உடுத்த துணியோடு, பெரும்பாலோர் ஜோர்டானின் அம்மான் வழியாக, விமானத்தில் கொண்டுவரப்பட்டார்கள். குவைத் தினாரை ஈராக் தினாருக்குச் சமம் என்று அறிவித்தார்கள், பிறகு அதைச் செல்லாக் காசாக்கினார்கள். பெட்டியில் தினார் கட்டி வைத்திருந்தவர் கையில் மிஞ்சியது வெறும் காகிதம். பின்னாளில் ஐ.நா. நஷ்டஈட்டு ஆணையம் அமைந்தபோது, குவைத்தை விட்டு ஓடி வந்ததற்காகத் தனி நபருக்கு 2,500 டாலர் என்ற அளவில் நிலையான தொகை கிடைத்தது. அதற்கு மேலான இழப்புக்கு ஒரு லட்சம் டாலர் வரை கேட்கத் தனிப் பிரிவு இருந்தது. வங்கிக் கணக்கு இழப்பும் அதில் ஓர் இனம். ஆனால் கேட்பதற்குத் தாள் வேண்டுமே! பாஸ்புக்கோ வங்கிக் கடிதமோ வைத்திருந்தவர் பேச முடிந்தது. மற்றவர் என்னத்தைக் காட்டுவார்?

சரி, அங்கே போய்க் கணக்குத் திறப்பது அவ்வளவு எளிதா? எளிதில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்வோம். அமீரகத்தில் எமிரேட்ஸ் ஐ.டி., பாஸ்போர்ட், குடியிருப்பு விசா, கம்பெனியின் சம்பளக் கடிதம் இவ்வளவும் வேண்டும். பெரிய வங்கிகள் பல குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கின்றன. கட்டடத் தொழிலாளியும் கடைப் பையனும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறார்கள். சவூதியில் இகாமா கைக்கு வரவேண்டும், போன் நம்பரும் அதே இகாமாவில் தன் பெயரில் இருக்கவேண்டும். கஃபீல் இகாமாவைப் புதுப்பிக்காமல் இழுத்தடித்தால் கணக்கும் முடங்கும்.

ஆனால் ஒரு பெரிய மாற்றம் வந்திருக்கிறது. முன்பு கவரில் போட்டுக் கொடுத்த சம்பளத்தை இப்போது கணக்கு வழியாகத்தான் கொடுக்கவேண்டும் என்று அந்த நாடுகளே சட்டம் போட்டுவிட்டன. அமீரகம் 2009இலும், சவூதி 2013இலும், கத்தர் 2015இலும் இந்தச் சம்பளப் பாதுகாப்பு முறையைக் கொண்டுவந்தன. மூன்று மாதம் சம்பளம் தராத முதலாளி மீது புகார் செய்யும் தொழிலாளிக்கு இதுவே சாட்சி. ஆகவே தம்பிமார்களே, சம்பளம் கையில் வேண்டும் என்று முதலாளியிடம் நீங்களாகக் கேட்காதீர்கள். உங்கள் சாட்சியை நீங்களே அழிக்கிறீர்கள்.

குறைந்த சம்பளக்காரருக்கு எக்ஸ்சேஞ்ச் கம்பெனி வழியாக ஒரு சம்பளக் கார்டு கொடுக்கிறார்கள். அது இல்லாததற்கு மேல். ஆனால் அதை வங்கிக் கணக்கு என்று நம்பிச் சேமிப்பை அதிலேயே விட்டு வைப்பது சரியல்ல. அமீரகத்தின் மிகப் பெரிய பண மாற்று நிறுவனமாக இருந்த யு.ஏ.இ. எக்ஸ்சேஞ்ச் 2020 மார்ச்சில் புதிய பரிவர்த்தனைகளை நிறுத்தியதும், அந்நாட்டு மத்திய வங்கி அதன் மேற்பார்வையைக் கையில் எடுத்ததும் நினைவிருக்கட்டும். சம்பளம் ஏறிய அன்றே தேவைக்கு மேல் உள்ளதை ஊர்க் கணக்குக்கு அனுப்பிவிடுவது நல்லது. இன்னொரு காரணமும் உண்டு. கணக்குக்காரர் மௌத்தாகிவிட்டால் அமீரக வங்கி அந்தக் கணக்கை முடக்கிவிடும். வாரிசுகள் அங்குள்ள நீதிமன்ற உத்தரவு வாங்கவேண்டும். பொட்டிபுரத்தில் இருக்கும் ஒரு விதவை துபாய் கோர்ட்டுக்கு எப்படிப் போவார்?

கூட வேலை செய்பவர் "உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டுக்கொள்ளட்டுமா, கமிஷன் தருகிறேன்" என்பார். ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். யாரோ ஏமாற்றிய பணம் உங்கள் பெயரில் ஓடியதாகப் பதிவாகும். சிறைக்குப் போகப்போவதும் நீங்கள்தான். அதேபோல் கிரெடிட் கார்டு கடனை வைத்துவிட்டு விமானம் ஏறி வந்துவிடுவது சாமர்த்தியம் என்று சிலர் பேசுகிறார்கள். அடுத்த முறை அந்த நாட்டில் இறங்கும்போது அந்தச் சாமர்த்தியம் விமான நிலையத்திலேயே தெரியும். திரும்பி வருமுன் கணக்கை முடித்து, பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கி வாருங்கள்.

இனி ஊர்ப்பக்கம். வேலைக்காக நாட்டை விட்டுப் புறப்பட்டதுமே பெமா சட்டப்படி நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர். அதற்குப் பிறகு இங்கே இருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டக் கூடாது, அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவேண்டும். நம்மில் எத்தனை பேர் மாற்றியிருக்கிறோம்? வீட்டு வாடகை, தோட்டத்துப் பங்கு போன்ற இந்திய வரவுகளுக்கு அந்தக் கணக்கு. அரபு நாட்டுச் சம்பளத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு. அதில் வெளிநாட்டிலிருந்து வந்த பணம்தான் ஏற முடியும், உள்ளூர் ரொக்கத்தைக் கொண்டுபோய்க் கட்ட முடியாது. அந்தக் கட்டுப்பாடே அதன் பலம். அதில் இருக்கும் ஒவ்வொரு ரூபாயும் வெளிநாட்டு உழைப்பு என்பதற்கு அந்தக் கணக்கே அத்தாட்சி. பின்னாளில் நிலம் வாங்கும்போதோ ஏலக்காய்க் கடை போடும்போதோ "இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?" என்று வருமான வரிக்காரர் கேட்டால், ஸ்டேட்மென்ட்டை எடுத்து மேசையில் போட்டுவிடலாம். நெருங்கிய உறவினரைக் கணக்கில் சேர்க்கலாம், வீட்டுச் செலவுக்குக் காசோலை போட இங்குள்ளவருக்கு அதிகாரம் கொடுக்கலாம். 2023 முதல் அமீரகம், சவூதி, கத்தர், ஓமன் போன்ற நாடுகளின் போன் நம்பரிலேயே இந்தக் கணக்குகளில் யு.பி.ஐ. நடத்த வழி திறந்திருக்கிறது.

அண்ணன் பெயரிலும் மச்சான் பெயரிலும் பணம் அனுப்பி, அவர்கள் பெயரில் வீடு கட்டி, பதினைந்து வருடம் கழித்து வந்து வாசலில் நிற்பவர்களின் பஞ்சாயத்து நம் ஜமாஅத்துகளுக்குப் புதிதல்ல. "நான்தான் அனுப்பினேன்" என்று ஒருவர் சொல்வார். "நான் எங்கே வாங்கினேன்?" என்று மற்றவர் கேட்பார். முத்தவல்லி என்ன செய்வார், பாவம்! குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சி வைப்பதைப் பற்றியது. அதை ஓதுகிற நாம்தான் தம்பிக்கும் அண்ணனுக்கும் இடையில் எழுத்து எதற்கு என்கிறோம்.

"வங்கி என்றால் வட்டியாயிற்றே" என்று தயங்கும் சகோதரர்கள் இருக்கிறார்கள். அவர்களின் பேணுதலை மதிக்கிறோம். அங்கே அவர்களுக்குச் சிரமமே இல்லை. துபாய் இஸ்லாமிய வங்கி 1975இலேயே தொடங்கப்பட்டது, சவூதியில் அல் ராஜ்ஹி வங்கி இருக்கிறது. இங்கே என்.ஆர்.இ. கணக்கை வட்டியில்லாத நடப்புக் கணக்காகவும் வைக்க முடியும். கேட்டால்தான் கொடுப்பார்கள், வங்கிக்காரர் தானாகச் சொல்லமாட்டார். ரகுராம் ராஜன் தலைமையிலான குழு வட்டியில்லா வங்கி முறைக்கு வழிவிடலாம் என்று 2008இல் பரிந்துரைத்தது. 2017இல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைக் கைவிட்டது. அந்தக் கோரிக்கையை நாம் விடவில்லை. ஆனால் அது நிறைவேறும்வரை வட்டிக்குப் பயந்து உண்டியலுக்குள் போய் ஒளிவது பேணுதலாகாது.

குற்றம் நம் பக்கம் மட்டுமா? முஸ்லிம்கள் அதிகம் வாழும் பகுதிகளைச் சில வங்கிகள் கடனுக்கு ஆகாத 'சிவப்புப் பகுதி' என்று ஒதுக்கி வைத்திருப்பதை 2006இல் சச்சார் குழு அறிக்கையே எடுத்துச் சொன்னது. அரபு நாட்டுப் பணம் வேண்டும், அதை அனுப்புகிறவரின் தெரு மட்டும் வேண்டாம்! உலகிலேயே அதிகமாக வெளிநாட்டுப் பணம் பெறும் நாடு இந்தியா என்று பெருமை பேசும் அரசு, குடிபெயர்வுத் தொழிலாளிக்குப் புறப்படுமுன் கொடுக்கும் பயிற்சியோடு ஒரு என்.ஆர்.இ. கணக்கையும் திறந்து கொடுத்து அனுப்பினால் என்ன? தேனி மாவட்டத்து வங்கிக் கிளைகள் ஆண்டுக்கு ஒரு முறையாவது நம் ஊர்களில் இதற்காக முகாம் போடவேண்டும் என்று நம் கிளை நிர்வாகிகள் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கவேண்டும். பள்ளிவாசல் மண்டபத்தை ஜமாஅத்துகள் அதற்குத் தரட்டும்.

முகாம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். விடுமுறைக்கு வந்திருக்கும் சகோதரர்கள் பாஸ்போர்ட், விசாப் பக்கம் அல்லது இகாமாவின் நகல், வெளிநாட்டு முகவரிக்கு ஒரு சான்று, பான் கார்டு, போட்டோ இவற்றோடு வங்கிக்குப் போகட்டும். புதிதாகப் புறப்படுகிறவருக்கும் விசாவும் வேலை ஒப்பந்தமும் கையில் இருந்தால் பல வங்கிகள் முன்கூட்டியே கணக்குத் திறந்து தருகின்றன. வாரிசு நியமனத் தாளை அங்கேயே நிரப்பிவிடுங்கள். 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை போடலாம் என்பதால் உம்மாவா மனைவியா என்ற சண்டைக்கும் இடமில்லை. காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் போனால் "நாளைக்கு வாங்க பாய்" என்பார்கள், உங்கள் விடுமுறையில் ஒரு நாள் குறைந்துவிடும்.