மணி பிளாண்டா, சிலந்திச் செடியா?

கூடத்தில் தொங்கவிட ஒரு செடி வேண்டும் என்றால் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது மணி பிளாண்ட். இப்போது நர்சரிகளில் அதன் அருகிலேயே சிலந்திச் செடியும் தொங்குகிறது. எதை வாங்குவது என்பது வெறும் அழகைப் பொறுத்த விஷயமாகத் தோன்றலாம். தவழும் குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் அது அப்படியன்று.

மணி பிளாண்டின் இலையிலும் தண்டிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. சேப்பங்கிழங்கு வாயில் அரிப்பதும் இத்தகைய படிகங்களால்தான். இலையை மென்ற குழந்தைக்கு வாய் எரியும், உதடும் நாக்கும் வீங்கலாம், எச்சில் வடியும். உயிருக்கு ஆபத்தாவது அரிது. ஆயினும் பேசத் தெரியாத பிள்ளை எதனால் வீறிட்டு அழுகிறது என்று உம்மாவுக்கு எப்படித் தெரியும்? சிலந்திச் செடியில் இந்த நச்சுத்தன்மை இல்லை. பூனை அதை மிகுதியாகத் தின்றால் வாந்தி எடுக்கலாம், அவ்வளவே. ஆகவே இத்தகைய வீடுகளுக்குச் சிலந்திச் செடியே ஏற்றது என்பது என் கருத்து. "உயரத்தில்தானே தொங்குகிறது" என்பார்கள் சிலர். கொடி கீழே இறங்கி வரவேண்டும் என்பதற்காகத்தானே அதைத் தொங்கவிடுகிறோம்!

பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டில் மணி பிளாண்ட் தாராளமாக இருக்கலாம். வெளிச்சம் குறைந்த அறையிலும் அது தாக்குப்பிடிக்கும். கணுவுள்ள ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டாலே வேர் விடும். ஆனால் அந்தத் தண்ணீர்ப் பாட்டில்தான் டெங்கு கொசு முட்டையிட விரும்பும் இடம். வாரம் ஒருமுறை நீரை மாற்றுவதோடு, பாட்டிலின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இச்செடி செல்வத்தைக் கொண்டுவரும் என்றும், பிறர் வீட்டிலிருந்து திருடி வைத்தால்தான் செழிக்கும் என்றும் நம்மவர்களிலும் சிலர் விளையாட்டாகச் சொல்கிறார்கள். ரிஜ்க்கை அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே என்று நம்புகிற நாம், ஒரு கொடியின் பெயரில் பணம் இருப்பதால் அதை வாசலில் வைப்பது பொருந்துமா? அண்டை வீட்டாரிடம் கேட்டு வாங்கிய துண்டும் நன்றாகவே தழைக்கிறது.

காற்றைச் சுத்திகரிக்கும் என்ற விளம்பரத்துக்காக எதையும் வாங்க வேண்டாம். 1989இல் நாசா செய்த ஆய்வு, மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. வீட்டுக் காற்றுக்குச் சன்னலைத் திறப்பதே மேல்.

சிலந்திச் செடியின் குறை, உப்பு நீர் அதற்கு ஆகாது என்பதே. கடலோர ஊர்களின் ஆழ்குழாய் நீரையும், ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரையும் ஊற்றினால் இலை நுனிகள் பழுப்பேறிக் கருகும். மழைநீரோ குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரோ போதும். தடித்த வேர்களில் அது நீரைச் சேமித்து வைத்திருப்பதால், மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றலாம். ஊருக்குப் போய் நான்கைந்து நாள் கழித்துத் திரும்பினாலும் வாடியிருக்காது.