கண்ணிமைக்கும் ஒரு சத்தமா?

கல்லூரிப் பிள்ளைகள் சிலர் 12 நிமிட மௌனப் படம் ஒன்றை எடுத்துவிட்டு, சத்தம் சேர்த்துத் தாருங்கள் என்று என்னிடம் வந்தார்கள். எழுதிக்கொண்டு வந்த பட்டியலில் 140 சத்தங்கள்! கண்ணிமைப்புக்குக்கூட ஒன்று. நாற்பதை வைத்துக்கொண்டு மிச்சத்தை அடித்துவிட்டேன். முகம் சுருங்கியது, பாவம்.

1929-ல் வெளிவந்த 'ஷோ போட்', முதலில் மௌனமாக எடுக்கப்பட்ட படம். யுனிவர்சல் ஸ்டுடியோவில் அதற்குச் சத்தம் சேர்த்தவர்களில் ஒருவரான ஜாக் ஃபோலியின் பெயரே பின்னர், படத்துக்குச் சத்தம் உண்டாக்கிச் சேர்க்கும் இத்தொழிலுக்கு ஆகிவந்தது. ஆனால் மௌனப் படத்தில் ஒவ்வொரு அசைவையும் ஒலியால் துரத்தினால் அது கார்ட்டூன் ஆகிவிடும்.

1987-ல் வந்த 'பேசும் படம்' பாருங்கள். வசனமே கிடையாது. நட்சத்திர ஓட்டலின் அமைதியில் நாயகன் கமல்ஹாசனுக்குத் தூக்கம் வராது. முன்பு தங்கியிருந்த அறைக்குப் பக்கத்துத் தியேட்டர் இரைச்சலை டேப்பில் பிடித்துவந்து போட்டதும் தூங்கிவிடுவார். ஒரு சத்தம், ஒரு வாழ்க்கை.

பிள்ளைகளின் படத்துக்கு நாங்கள் பதிவு செய்தது இரவு இரண்டு மணிக்கு. தெரு அடங்க வேண்டுமே. மின்விசிறியும் ஃப்ரிட்ஜும் நிறுத்தம். காலடிச் சத்தத்துக்குத் தட்டில் மணல் பரப்பி, திரையைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே நடந்தேன். மழைக்கு, எண்ணெயில் பொரியும் அப்பளம். படத்தில் வரும் பாட்டியின் புடவைச் சரசரப்புக்குக் கஞ்சி போட்ட வேட்டி. அதற்கு மட்டும் ஏழு டேக்.

படம் எடுக்கும் பிள்ளைகளே, முதலில் மூன்று முறை சத்தமில்லாமல் பாருங்கள். பட்டியலைப் பிறகு எழுதலாம்.