மலையில் சைக்கிள் ஓட்டலாமா?

மாகறலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பிளஸ் டூ முடித்த மகன், சுவிட்சர்லாந்து மலைகளில் சைக்கிள் ஓட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ஊட்டிக்கு மேலே முக்கூர்த்திப் புல்வெளிக்கு நண்பர்களோடு சைக்கிளில் போகணும் என்கிறானாம். "வனத்துறைக்குத் தெரியாமல் கூட்டிப்போக ஒருவர் ஆளுக்கு இரண்டாயிரம் கேட்கிறார். அனுப்பலாமா?"

வேண்டாம் சகோதரி. அதற்காக மலைக்கே போகாதே என்றும் சொல்லிவிடாதீர்கள்.

முதலில் அந்த சுவிஸ் கதை. ஆல்ப்ஸ் மலையிலேயே மிகப் பழைய தேசியப் பூங்கா அங்கேதான் இருக்கிறது, 1914ல் தொடங்கியது. அதற்குள் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. நாய்க்கும் இல்லை. போட்ட பாதையை விட்டு விலகி நடக்கவும் கூடாது. பையனிடம் இதைச் சொல்லுங்கள், முகம் போகும் போக்கைப் பாருங்கள்!

முக்கூர்த்தி 78 சதுர கி.மீ. தான். 1990ல் தேசியப் பூங்கா ஆனது. பார்வைக்கு வெறும் புல். தரிசு நிலம் என்று நினைத்து வெள்ளைக்காரர் காலத்திலும் பிறகும் நீலகிரிப் புல்வெளிகளில் சீகையும் தைலமரமும் நட்டுத் தீர்த்தார்கள். மாகறல்காரர்களுக்கு இதன் அருமை சட்டென்று புரியும். ஜவ்வாது மலையில் பிறக்கும் உங்கள் செய்யாறு, மழைக்கு நாலு நாள் பொங்கிவிட்டு மணலாகிவிடுகிறது. இந்தப் புல்வெளியோ பஞ்சு மாதிரி மழையை உறிஞ்சி வைத்து, மழை நின்ற பிறகும் ஓடையாக விடுகிறது. பவானி ஆறு தொடங்குவது இந்தப் பக்கத்து மலைகளில்தான். சரிவில் டயர் தடம் விழுந்தால் அடுத்த மழைக்கு அந்தக் கோடு வாய்க்காலாகும்.

நம் மாநில விலங்கான வரையாடு மேய்வதும் இங்கேதான். பொன் உடும்பைத் துரத்திய ராஜா கதையைக் கோயிலில் கேட்டு வளர்ந்த ஊர்ப் பையன், செல்ஃபிக்காக வரையாட்டைத் துரத்தமாட்டான் என்று நம்புகிறேன்.

திருட்டு வழியில் பெரிய ஆபத்து நெருப்பு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ ஓடும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. நீங்கள் அங்கே இருப்பது யாருக்குமே தெரியாவிட்டால் தேடவும் ஆள் வராது.

முறையான வழி இருக்கும்போது இது எதற்கு? 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்கூர்த்திப் பக்கம் போகும் பாதை கடினமானது. முதல் தடவைக்குக் கோத்தகிரி லாங்வுட் சோலை போதும், நீங்களும் கூடவே நடக்கலாம். கோடையில் தீ பயத்தால் பாதைகளை மூடுவார்கள், தேதி பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

சைக்கிள் ஆசைக்குக் கோத்தகிரி – கோடநாடு சாலை. இருபுறமும் தேயிலை. வளைவில் காட்டெருமை நின்றால் ஹாரனும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம், தள்ளி நின்று காத்திருக்கணும். 36 கொண்டை ஊசி வளைவு கொண்ட கல்லட்டி இறக்கம் மட்டும் கூடவே கூடாது. சமவெளியில் ஓட்டிப் பழகிய கைக்கு அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்கத் தெரியாது.

அதுவரை தினமும் காலையில் உத்திரமேரூர் வரை மிதிக்கட்டும். ஸ்வெட்டர் மறக்க வேண்டாம்.