சதுர அடிக்கு எவ்வளவு?

புதுச்சேரியில் யாராவது வீடு கட்டப் போகிறோம் என்று சொன்னால் போதும், அடுத்த கேள்வி தயாராக வரும்: "சதுர அடிக்கு எவ்வளவு பேசியிருக்கீங்க?"

லாஸ்பேட்டையில் வீடு கட்டிய என் தங்கையிடமும் நான் அதைத்தான் கேட்டேன். அவளும் பெருமையாக ஒரு தொகையைச் சொன்னாள். அந்தத் தொகைக்குள் என்னென்ன அடக்கம் என்று நானும் கேட்கவில்லை, அவளும் கேட்டிருக்கவில்லை.

வானம் தோண்டி, கடைக்கால் போட்டு, பேஸ்மென்ட் முடியும் வரை எல்லாம் சுமுகம். காண்ட்ராக்டர் "அக்கா, அக்கா" என்பார். தங்கை தினமும் டீ போட்டு அனுப்புவாள். பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. தண்ணீர்த் தொட்டியா? தனி ரேட். செப்டிக் டேங்க்? தனி ரேட். மாடிக் கைப்பிடிச் சுவர்? அதுவும் தனி. "ஏமாத்திட்டாரு" என்று போனில் அழுதாள்.

நேரில் போனபோது காண்ட்ராக்டர் தன் பக்கத்தைச் சொன்னார். லிண்டல் மட்டம் வந்த பிறகு, சமையலறைச் சுவரை இரண்டடி தள்ளச் சொன்னது தங்கைதான். "கட்டினதுக்கும் கூலி, இடிச்சதுக்கும் கூலி, திரும்பக் கட்டினதுக்கும் கூலி. கொத்தனாரும் சித்தாளும் சனிக்கிழமை ஆனா என் வாசல்லதானே நிப்பாங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. ஐப்பசி மழையில் தூண் கம்பிகள் நனைந்து துருவேறி நின்றன. கடைசியில், ஓய்வுபெற்ற இன்ஜினீயரான எங்கள் சித்தப்பா இருவரையும் உட்கார வைத்து, ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். வேலை மறுபடி தொடங்கியது. அந்த நோட்டை முதல் நாளே எழுதியிருக்கலாம் என்பதால், அதில் இருந்தவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் அளவு. படிக்கட்டு, பால்கனி, சன்ஷேடு இவையெல்லாம் சதுர அடிக் கணக்கில் சேருமா? தொட்டி, காம்பவுண்டு சுவர், கேட் யார் பொறுப்பு? அடுத்து பொருள்: சிமென்ட், கம்பி, டைல்ஸ், ஒயர், குழாய் ஒவ்வொன்றுக்கும் கம்பெனியும் தரமும். "நல்ல பொருளா போடுவோம்" என்ற வாக்கு நோட்டில் ஏறாது.

பணம் கட்டத்துக்குக் கட்டம்: பேஸ்மென்ட், லிண்டல், தளம், பூச்சு, தரை. அந்தந்த வேலை முடிந்தால் அந்தந்தத் தவணை. முன்கூட்டியே அதிகம் கொடுத்தால் வேலை தள்ளிப்போகும். தாமதமாகக் கொடுத்தால் ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். கடைசியில் ஒரு சிறு தொகையை நிறுத்தி வைத்து, ஒரு மழைக்காலம் ஒழுகாமல் கடந்த பிறகு கொடுப்பது என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளலாம்.

மாற்றம் வேண்டுமா? தாராளமாக. ஆனால் சுவரில் கைவைக்கும் முன், கூடுதல் செலவு எவ்வளவு, எத்தனை நாள் தள்ளிப்போகும் என்று எழுதிக் கையெழுத்து போடுங்கள். வரைபடம் போட்ட இன்ஜினீயரிடமும் கேளுங்கள். புதுச்சேரி நகர அமைப்புக் குழுமம் அனுமதித்த வரைபடத்தை மீறினால் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்தான்.

தண்ணீர் ஊற்றுவது யார் என்பதையும் எழுதுங்கள். பல வீடுகளில் இது யார் வேலை என்றே தெரியாமல் கான்கிரீட் காய்ந்து கிடக்கும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்டுக்கு 10 நாளும் ஈரம் காயக்கூடாது என்கிறது. தளத்தின் முட்டுகளை, அகலம் நாலரை மீட்டர் வரை என்றால் 7 நாளுக்கும், அதற்கு மேல் என்றால் 14 நாளுக்கும் முன்பு எடுக்கக்கூடாது.

நம் ஊர் கடற்கரை ஊர். உப்புக் காற்று போதாதென்று, சில இடங்களில் போர் தண்ணீரும் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. வேலை தொடங்கும் முன்பே தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று கான்கிரீட் போடும் முன் குனிந்து பாருங்கள். இன்று அந்த இடைவெளி விட்டுப்போனால் சில வருடத்தில் சீலிங் பெயர்ந்து தலையில் விழும்.

சண்டை முற்றிவிட்டால்? நம் மனையில் நமக்காகக் கட்டித் தரும் காண்ட்ராக்டரைப் பொதுவாக ரெரா சட்டம் பிடிக்காது. ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வீடு கட்டித் தருவதும் சேவைதான். குறை ஏற்பட்ட 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கேயும் முதலில் கேட்பது, "எழுத்தில் என்ன இருக்கிறது?"

திண்ணையும் தாழ்வாரமுமாக நிற்கும் நம் வைசியாள் வீதியைப் பாருங்கள். அங்கே பழைய வீடுகளின் முகப்பைச் சீரமைத்தபோது இன்டாக் அமைப்பும் வீட்டுக்காரர்களும் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். யார் எதற்குப் பொறுப்பு என்பது தெளிவாக இருந்தால் வேலை நடக்கும்.

தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் காண்ட்ராக்டர் குடும்பத்தோடு வந்தார். தாம்பூலத் தட்டில் வேட்டி, சேலை வைத்துக் கொடுத்தாள். மாடி ஏறிப் பார்த்தவர், "அக்கா, மேல ஒரு ரூம் போட்டா நல்லாருக்கும்" என்றார்.

தங்கை சிரித்துக்கொண்டே உள்ளே போய் அந்த நோட்டை எடுத்து வந்தாள்.