மழையில் செடி அழுகினால் நஷ்டம் யாருக்கு?

கத்தரிக்காய் கிலோ என்ன விலை என்று கேட்காத வீடு இல்லை. அதைப் பயிரிட்டவர் கைக்கு என்ன வந்தது என்று கேட்கும் வீடு குறைவு.

பள்ளிப்பட்டுப் பக்கம் போனால் இதற்குப் பதில் கிடைக்கும்.

பள்ளிப்பட்டு, திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். முன்பு ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ந் தேதி, திருத்தணியோடு சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் மட்டும் இன்றும் ஆந்திராவில் இருந்துதான் இந்த ஊருக்கு வருகிறது.

ஆடி முதல் மாசி வரை

ஆடியில் அவரை, புடலை, பாகல், வெண்டை விதைப்பார்கள். கத்தரி நாற்று விடுவார்கள். கீரை மூன்று, நாலு வாரத்தில் காசு கொடுக்கும். வெண்டைக்கு ஒன்றரை மாதம். கத்தரிக்கு, நாற்றங்காலையும் சேர்த்தால் மூன்று மாதம் ஆகிவிடும்.

அதற்குள் புரட்டாசி வரும். பல வீடுகளில் கறி, மீன் கிடையாது. அடுத்து அய்யப்ப பக்தர்கள் மாலை போடுவார்கள். காய்கறிக்கு ஒரே கிராக்கி!

ஆனால் அப்போதுதான் பெருமழையும் வரும். பூ உதிரும். தக்காளி அழுகும். தப்பிய காயைச் சந்தைக்குக் கொண்டு போகவும் சில சமயம் வழி இருக்காது. 2021 நவம்பரில் ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்பட்டது. பள்ளிப்பட்டுப் பகுதியில் தரைப்பாலங்கள் வெள்ளத்தில் மூழ்கின.

தை, மாசியில் காய் கொட்டும். ஒரு தோட்டத்தில் மட்டுமா? எல்லாத் தோட்டத்திலும் கொட்டும்! விலை விழும். பறிக்கும் கூலி கூடக் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிடுவதும் உண்டு. சித்திரையில் கிணறு வற்றும்.

ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடாதவர் பாடு இன்னும் கஷ்டம். அவருக்கு உரச் செலவு குறைவு, வேலை அதிகம். மாறிய முதல் சில ஆண்டுகள் விளைச்சல் குறையலாம். மண்டியிலோ அவருடைய காயும் மற்றவர் காயும் ஒரே குவியல், ஒரே விலை.

உழவர் சந்தை போதுமா?

1999 நவம்பர் 14-ந் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கியது. தரகர் இல்லை, கமிஷன் இல்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் காய் இருந்தால்தானே சந்தை? வெள்ளத்தில் போன காய்க்கு அங்கே யாரும் பணம் தரமாட்டார்கள்.

இதற்கு வேறு நாடுகளில் ஒரு வழி கண்டார்கள்.

ஜப்பானில் 1971-ல் இயற்கை விவசாயச் சங்கம் தொடங்கியது. அந்தக் காலகட்டத்தில், பூச்சிமருந்துக்குப் பயந்த நகரத்துத் தாய்மார்கள் விவசாயிகளோடு நேராக ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இதற்கு 'தெய்கெய்' என்று பெயர். அமெரிக்காவில் 1986-ல் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இரண்டு பண்ணைகள் இதே போன்ற முறையில் இறங்கின. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லிலும் காய்கறிக் கூடைத் திட்டம் நடந்திருக்கிறது.

முறை இதுதான். சாகுபடிக்கு முன்பே குடும்பங்கள் பங்குப் பணம் கட்டிவிடும். பிறகு வாரம் ஒரு கூடை வீட்டுக்கு வரும். நன்றாக விளைந்தால் கூடை நிறையும். மழை அடித்துப் போனால் கூடை சிறுக்கும், பணம் திரும்பாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 குடும்பங்கள், மாதம் 500 ரூபாய், ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். மழையில் பாதி விளைச்சல் போய்விட்டால், ஒரு குடும்பத்துக்கு 1,500 ரூபாய் நஷ்டம். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் 60 ஆயிரமும் ஒரே ஆள் தலையில் விழும். அவர் வட்டிக்கு வாங்கித்தான் அடுத்த விதை போட வேண்டும்.

எங்கே இடிக்கிறது?

சென்னை நூறு கிலோமீட்டருக்கு மேல். வண்டி வாடகையே லாபத்தை விழுங்கிவிடும். ஆகையால் பள்ளிப்பட்டு, திருத்தணி, எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி என்று பக்கத்து வீடுகளைச் சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

நாலு வாரம் தொடர்ந்து புடலங்காய் வந்தால் பிள்ளைகள் முகம் சுளிக்கும். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் கடைக்குத்தான் போக வேண்டும். விவசாயியும் வரவு செலவு நோட்டைப் பங்குதாரர்கள் முன்னால் வைக்க வேண்டும். வெள்ளத்தில் போனதா, வேறு வியாபாரிக்குப் போனதா என்ற சந்தேகம் ஒரு முறை வந்தால் போதும். அடுத்த வருஷம் ஒருவரும் பணம் கட்டமாட்டார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய முடிச்சு, பணம் கட்டும் மாதம். ஆடி விதைப்புக்கு ஆனியிலேயே பணம் வேண்டும். ஆனியில்தான் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம், நோட்டுப் புத்தகம், சீருடை எல்லாம்! கூலி வேலைக்குப் போகும் குடும்பம் அந்த மாதம் 3,000 ரூபாயை மொத்தமாக எடுத்து வைக்க முடியாது. மாதத் தவணை என்றால் சேரும். விதைக்கும் உழவுக்கும் வேண்டிய முதல் பணத்தை, வசதி உள்ள பத்துப் பேர் முழுப் பங்காகக் கட்டினால் சமாளிக்கலாம்.