எல்லாமே "புயல்" தானா?

ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கும்போது நம் எல்லோரிடமும் ஒரு பழக்கம் உண்டு. ஒரே பொருள் உள்ள சொற்களை வரிசையாக எழுதி மனப்பாடம் செய்வோம். என் நோட்டில் கேல், ஸ்டார்ம், ஹரிக்கேன், சைக்ளோன், டைஃபூன், டொர்னாடோ என்று ஆறு சொற்கள் இருந்தன. எதிரே பெரிய அடைப்புக்குறி போட்டு "புயல்" என்று ஒரே ஒரு சொல். மதிப்பெண் வாங்க இது போதும். ஆனால் இப்படிப் படிப்பது தவறு, சில நேரம் ஆபத்தும் கூட என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பிரீஸ். அகராதியில் "தென்றல்" என்று இருக்கும். அப்படியானால் ஸ்ட்ராங் பிரீஸ்? "பலமான தென்றல்" என்று நான் எழுதியிருக்கிறேன், சிரிக்காதீர்கள்! பிரான்சிஸ் பியூஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 1805-இல் காற்றை 0 முதல் 12 வரை வகைப்படுத்தத் தொடங்கினார். அந்த அளவுகோலில் 2 முதல் 6 வரை எல்லாமே பிரீஸ்தான். 6-ஆம் எண் ஸ்ட்ராங் பிரீஸ், மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர். குடையைப் பிடிக்கவே சிரமப்படுவோம். இதுவா தென்றல்? போதாததற்கு, தென்றல் என்றால் தெற்கிலிருந்து வரும் காற்று. வடக்கே வாடை, கிழக்கே கொண்டல். நம்மவர்கள் காற்றுக்குத் திசையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். பியூஃபோர்ட் வலிமையைப் பார்த்து வைத்தார். இரண்டையும் நேருக்கு நேர் வைத்தால் பொருந்தாது.

அதே அளவுகோலில் கேல் என்பது 8, மணிக்கு 62 கிலோமீட்டரில் தொடங்குகிறது. ஸ்டார்ம் 10, அது 89-இல். ஹரிக்கேன் 12, அது 118-இல். ஆக இவை ஒரே பொருள் கொண்ட சொற்கள் அல்ல, ஏணிப்படிகள்.

ஹரிக்கேன், டைஃபூன், சைக்ளோன் மூன்றின் கதை வேறு. மூன்றும் ஒரே வகைப் புயல், கடல்தான் வேறு. அட்லாண்டிக்கில் ஹரிக்கேன், பசிபிக்கின் வடமேற்கில் டைஃபூன், நம் வங்கக் கடலில் சைக்ளோன். சைக்ளோன் என்ற சொல்லே நம் நாட்டில் பிறந்தது என்பது எனக்கே புதிய செய்தி. கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் 1840-களில் பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதை உருவாக்கினார். டொர்னாடோ இந்தக் கூட்டத்திலேயே சேராது. அது இடிமேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் சுழல். பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். சைக்ளோனோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்து, நாள்கணக்கில் நகரும்.

"சரி, இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பீர்கள். இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

1987 அக்டோபர் 15. பிபிசியில் வானிலை வாசித்த மைக்கேல் ஃபிஷ், ஹரிக்கேன் வருகிறதாமே என்று யாரோ கேட்டதாகச் சொல்லி, அப்படி எதுவும் இல்லை, கவலை வேண்டாம் என்றார். அன்றிரவே தெற்கு இங்கிலாந்தில் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டிக் காற்று அடித்தது. பிரிட்டனில் 18 பேர் இறந்தார்கள், சுமார் ஒன்றரைக் கோடி மரங்கள் விழுந்தன. வானிலை அறிவியல்படி அவர் சொன்னது சரி, அது வெப்பமண்டல ஹரிக்கேன் இல்லை. ஆனால் கேட்டவர்கள் காதில் விழுந்தது "பயமில்லை" என்பதுதான். ஆங்கிலம் பிறந்த ஊரிலேயே இந்தக் கதி!

இரண்டாவது இன்னும் கொடுமை. 2013 நவம்பர் 8, பிலிப்பைன்ஸில் ஹையான் டைஃபூன். ஸ்டார்ம் சர்ஜ் வரும் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். புயல் கடலையே தள்ளிக்கொண்டு ஊருக்குள் வருவதுதான் அது. ஆனால் டக்ளோபன் நகரில் பலருக்கு அந்த ஆங்கிலச் சொல் புரியவில்லை. சுனாமி மாதிரி வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று உயிர் பிழைத்தவர்கள் பின்னர் சொன்னார்கள். நாடு முழுவதும் 6000-க்கும் மேற்பட்டோர் பலி. எச்சரிக்கை இருந்தது, சொல் போய்ச் சேரவில்லை.

இங்கேயும் பாருங்கள். மீனவர்களுக்கான தமிழ் எச்சரிக்கையில் மணிக்கு 45 கிலோமீட்டர் காற்றுக்கும் "சூறாவளிக்காற்று" என்று வருகிறது. ஆங்கிலத்தில் அது ஸ்குவால், திடீரென்று எழும் பலத்த காற்று. ஆனால் வீடுகளைப் பிய்த்தெறியும் சைக்ளோனுக்கும் சூறாவளி என்றுதான் சொல்கிறோம், இலங்கைத் தமிழில் அதுவே வழக்கம். வாரம் ஒருமுறை சூறாவளி என்று கேட்டுப் பழகிய காது, உண்மையான சூறாவளி வரும்போது விழித்துக்கொள்ளுமா? வேகத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மனதில் முதலில் பதிவது சொல்தான், எண் அல்ல.

ஆங்கிலம் உயர்ந்தது, தமிழ் தாழ்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வாடை, கொண்டல் என்று பிரித்துப் பார்த்த மொழிக்கு, வலிமையைப் பிரித்துச் சொல்லத் தனித்தனிச் சொற்களை நிலைநிறுத்துவது முடியாத காரியமா? அதுவரை, பெயரோடு நின்றுவிடாமல் "மரம் விழும், கூரை பறக்கும், கடல் ஊருக்குள் வரும்" என்று விளைவையும் சொல்ல வேண்டும்.

நான் என் நோட்டில் அந்த அடைப்புக்குறியை அடித்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு சொல்லுக்கு எதிரேயும் ஒரு வேகம், ஒரு கடல் இருக்கிறது. கடற்கரை ஊர் நண்பர்களே, பலத்த காற்றுக்கு உங்கள் தாத்தாக்கள் என்னென்ன பெயர் சொல்வார்கள்? கேட்டுச் சொல்லுங்கள், அதையும் எழுதிக்கொள்கிறேன்.